நாள்பட்ட நோயாளர் இணையக் குழுவில் உடல்நலத் தகவலைப் பகிர்வது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முடக்குவாதத்துக்கு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதற்கென்றே புதிய எச்சரிக்கை நடவடிக்கைகளைக் கொண்டுவந்தது. இப்போது ஒரு நோயாளர் குழுவில் ஒருவர், "மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் எடுக்கிறேன், வலி நல்லாக் குறைஞ்சிருக்கு" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பொய் இல்லை. நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆனால் "வாரத்துக்கு ஒரு நாள்" என்ற விவரம் இல்லை. நோய் இன்னதென்று நேற்றுதான் தெரிந்துகொண்ட ஒருவர், மருந்துச் சீட்டு புரியாமல், தூக்கமும் வராமல், நள்ளிரவில் அந்தப் பதிவைப் படிக்கிறார்.

நோயாளர் குழுக்களில் நாகரிகம் என்று நான் நினைப்பது இந்த விடுபட்ட விவரத்தைச் சேர்ப்பதைத்தான். கனிவாகப் பேசுவதும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாம் சொல்லும் தகவல் தனக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று படிப்பவர் தாமே பார்த்துக்கொள்ள என்ன தெரிய வேண்டுமோ, அதையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அங்கே உள்ளவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை. சேர்ந்த நாளிலிருந்து எதை எப்படிச் செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் படியுங்கள்

குழுவில் சேர்ந்ததும் எழுதத் தோன்றும். தன் நோயின் பெயரை இத்தனை பேர் இயல்பாகப் பேசுவதைப் பார்ப்பதே புதியவருக்கு ஆறுதல். இருந்தாலும் முதலில் விதிகளைப் படித்துவிடுங்கள். சில குழுக்களில் மருந்தின் அளவை எழுதவே அனுமதி இல்லை. சில குழுக்கள் நோயாளிகளுக்கு மட்டும். பராமரிக்கும் குடும்பத்தாருக்கு வேறு இடம் இருக்கும். அறுவைசிகிச்சைக் காயம், உடல் எடை, கருச்சிதைவு போன்றவற்றைப் பற்றி எழுதும்போது முதல் வரியிலேயே முன்னெச்சரிக்கை தர வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். இதெல்லாம் வெற்றுச் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ காயப்பட்ட ஒரு சம்பவம் இருக்கும்.

உங்கள் கேள்வி முன்பே கேட்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டால், அல்லது தேடும் தெம்பே இல்லாவிட்டால், தயங்காமல் கேட்டுவிடுங்கள். களைப்பையே அறிகுறியாகச் சுமப்பவரிடம் "தேடிப் படிக்க மாட்டீர்களா?" என்று பழைய உறுப்பினர்கள் சீறுவது எனக்கு ஒப்பாத பழக்கம்.

உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது?

இதை முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. நீங்கள் அழித்தாலும் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். "மூடிய குழு" என்றால் பூட்டிய அறை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நோயாளர்கள் தங்கள் மருந்துகளையும் அறிகுறிகளையும் பகிரும் பேஷன்ட்ஸ்லைக்மீ தளத்தில், உறுப்பினர்கள் மனநலம் பற்றித் தங்களுக்குள் எழுதிய பதிவுகளை ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் தானியங்கி நிரல் வைத்து அள்ளிக்கொண்டிருந்தது 2010இல் தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றம் உள்ள பெண்கள் பேஸ்புக்கில் நடத்திவந்த மூடிய குழுவின் உறுப்பினர் பெயர்களை வெளியாட்களும் எடுக்க முடியும் என்பதை அந்தப் பெண்களில் ஒருவரே 2018இல் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. வாட்ஸ்அப் குழு என்றால், முகம் தெரியாத பலர் கையில் உங்கள் தொலைபேசி எண் போய்ச்சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே வேலை செய்யும் இடம், தெரு, பிறந்த தேதி, மருத்துவரின் பெயர் ஆகியவை இல்லாமலேயே உங்கள் நோயைப் பற்றி முழுமையாகப் பேச முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடுவது எளிது. ஆனால் அதில் பெயரும் வயதும் மட்டும் இல்லை, நோயாளி எண், பார்கோடு, க்யூஆர் கோடு எல்லாம் இருக்கும். அவற்றை மேலே கிறுக்கி மறைக்காமல், அந்தப் பகுதியையே வெட்டிவிடுங்கள். சில செயலிகளில் கிறுக்கலின் மை அரைகுறையாக ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். எண்களைக் கையால் தட்டச்சு செய்து போடுவது இன்னும் நல்லது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் செயலி) அதைச் சரியாகப் படித்துச் சொல்லும், படத்தில் உள்ளதைப் பல சமயம் சொல்லாது.

கேள்வி கேட்பது

"எனக்கு இது வந்திருக்கு, பயமா இருக்கு, யாராவது சொல்லுங்க" என்று மட்டும் எழுதினால் ஆறுதல் கிடைக்கும், பதில் கிடைக்காது. ஆறுதல்தான் வேண்டும் என்றால் அப்படியே எழுதலாம், அதில் தவறே இல்லை. பதிலும் வேண்டும் என்றால், நோயின் வகை, எவ்வளவு காலமாக இருக்கிறது, இப்போது எடுக்கும் மருந்துகள், வேறு நோய்கள், மருத்துவர் இதுவரை சொன்னது, இனி நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஆகியவற்றைச் சுருக்கமாகத் தாருங்கள்.

குழு எதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. "இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் உங்களுக்குக் குமட்டல் எத்தனை நாளில் அடங்கியது?", "உட்கார்ந்தே வேலை செய்யும்போது முதுகுக்கு எது உதவுகிறது?", "மருத்துவரிடம் அடுத்த முறை என்ன கேட்கட்டும்?" போன்ற கேள்விகளுக்குக் குழுவைப் போல யாரும் பதில் சொல்ல முடியாது. நோயோடு வாழ்பவர்களுக்குத்தான் அது தெரியும். "இந்த ஸ்கேனில் தெரிவது கட்டியா?", "மாத்திரையை இரண்டாகக் கூட்டலாமா?" என்பவை வேறு வகை. அவற்றுக்குத் தைரியமாகப் பதில் சொல்கிறவர் யாராவது எப்போதும் இருப்பார், அதுதான் ஆபத்து.

எண்ணை எழுதினால் அளவீட்டு அலகையும் எழுதுங்கள். ஒரே குழுவில் பல நாட்டவர்கள் இருப்பார்கள். இரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் சொல்வார்கள். பின்னதை 18ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். "சர்க்கரை 7" என்று ஒருவர் எழுதினால், அது வெறும் வயிற்றில் எடுத்த 7 மில்லிமோலா, அதாவது 126 மில்லிகிராமா? அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதமா? அப்படியானால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 154 மில்லிகிராம். இரண்டும் வெவ்வேறு செய்திகள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்த அளவிலும் இதே சிக்கல்: டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 1 என்று வருவது லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில் 88 என்று வரும். 88ஐப் பார்த்துப் பதறிப்போய் எழுதும் புதியவரை அலகு எழுதும் பழக்கம் ஒன்றே காப்பாற்றும்.

"எனக்கு இது உதவியது" என்று எழுதுவது

குழுக்களின் உயிர் இந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது. அதிகமான கேடு நடப்பதும் இவற்றில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, உங்கள் நோயின் வகையை எழுதுங்கள். "சர்க்கரை நோய்" என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள ஒருவர் எடை குறைந்து, மருத்துவர் மேற்பார்வையில் இன்சுலினை நிறுத்தியிருக்கலாம். அது அவருக்கு உண்மையான வெற்றி. முதல் வகைச் சர்க்கரை உள்ள ஒருவர் அதைப் படித்து ஊசியை நிறுத்தினால், உடலில் கீட்டோன் அமிலம் சேர்ந்து ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பதிவின் தொடக்கத்தில் "எனக்கு இரண்டாம் வகை" என்று எழுதுவது அத்தனை பெரிய வேறுபாட்டைச் செய்கிறது.

இரண்டாவது, கூடவே நடந்தவற்றையும் சொல்லுங்கள். ஒரு மூலிகைத் தேநீரைக் குடித்து மூட்டு வீக்கம் வடிந்தது என்கிறீர்கள். அதே மாதத்தில் மருந்தும் மாறியிருக்கிறதா? ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? விடுப்பில் இருந்தீர்களா? முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), மல்டிபிள் ஸ்களீரோசிஸ் (மூளையையும் முதுகுத்தண்டு நரம்புகளையும் தாக்கும் நோய்) போன்றவை தாமாகவே ஏறி இறங்கும் இயல்புடையவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிதாக எதையாவது முயல்கிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும்; பெயர் மட்டும் அப்போது கையில் இருந்த பொருளுக்குப் போய்விடும். உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மை, அந்த நிம்மதியும் உண்மை. காரணம் எதுவென்று மட்டும் ஒருவருடைய ஒரு மாத அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதுங்கள். நாட்டுக்கு நாடு வணிகப் பெயர் மாறும். அளவை எழுத அனுமதி இருந்தால், எத்தனை மில்லிகிராம், நாளைக்கா வாரத்துக்கா, மெதுவாகக் கரையும் வகையா சாதாரண வகையா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பாதி விவரம் தருவதைவிட அளவையே எழுதாமல் விடுவது மேல்.

நான்காவது, மருந்தை நிறுத்திய கதை. இதில் மிகுந்த கவனம் வேண்டும். ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைப் பல வாரங்கள் எடுத்தவருக்கு, அதையொத்த இயற்கைச் சுரப்பைத் தாமே உண்டாக்கும் வேலையைச் சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் மறந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். வலிப்பு மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். ஆகவே "மாத்திரையை விட்டுட்டேன், இப்போ நிம்மதி" என்று எழுதும் முன், யார் சொல்லி, எவ்வளவு காலத்தில், எந்தப் படிகளில் குறைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். நீங்களாகவே சட்டென்று நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, மற்றவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அதே பதிவில் எழுதிவிடுங்கள்.

பிறகு, "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்ற சொற்றொடர். இதைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் வேகமாகச் செயலிழந்தன. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டதுதான் காரணம். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. சாதாரண வைட்டமினிலும் கவனம் வேண்டும். தலைமுடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று பலர் எடுக்கும் பயோட்டின், அதிக அளவில் உடலில் இருந்தால் சில தைராய்டு பரிசோதனைகளையும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பிழையாகக் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. பயோட்டின் எடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றே பலருக்குத் தோன்றாது. அதனால் அது உங்களுக்கு உதவியிருந்தால், "இரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்" என்ற வரியைச் சேர்த்து எழுதலாமே.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பதிவு எப்படி இருக்கும்? ஒரு மாதிரி:

"எனக்கு முடக்குவாதம், நாலு வருஷமா. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன் (வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்), மறுநாள் ஃபோலிக் அமிலம். ரெண்டு மாசமா காலையில வெந்நீர்ல கையை வெச்சிருந்து விரல் பயிற்சி செய்றேன். முன்னாடி சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் ஆகும், இப்போ சீக்கிரம் முடியுது. இதே சமயத்துல மருந்து அளவையும் டாக்டர் கூட்டினார், அதனால எது உதவுச்சுன்னு எனக்கே உறுதியாத் தெரியல. வீக்கம் அதிகமா இருக்கும் நாள்ல பயிற்சி செய்யாதீங்கன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்காங்க."

இதில் பீற்றல் இல்லை, பயமுறுத்தல் இல்லை. தனக்கு எது பொருந்தும் என்று படிப்பவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். "பொத்தான் போட" என்ற அளவுகோலைக் கவனியுங்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்பதைவிட அது எத்தனை உதவியான தகவல்!

ஆய்வுச் செய்தியைப் பகிர்வது

தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பார்வர்டு செய்யாதீர்கள். எலியிலா மனிதரிலா, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா என்ற மூன்றையும் தேடிப் பார்த்து, அந்த விடைகளை இணைப்போடு சேர்த்து எழுதுங்கள். விடை கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

இதன் தேவையைக் காட்டும் இரண்டு வரலாறுகள் உண்டு. 2009இல் இத்தாலியின் பாவ்லோ சம்போனி என்ற மருத்துவர், மல்டிபிள் ஸ்களீரோசிஸுக்குக் கழுத்திலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகள் குறுகியிருப்பது காரணமாக இருக்கலாம் என்றும், அவற்றை விரித்துவிட்டால் பயன் உண்டு என்றும் எழுதினார். செய்தி நோயாளர் குழுக்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. சோதனைகள் முடியும் முன்பே ஏராளமானோர் சொந்தச் செலவில் வெளிநாடுகளுக்குப் போய் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார்கள். சிரையை விரித்துவைக்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் நகர்ந்தது, இரத்தம் உறைந்தது, பக்கவாதம் வந்தது, மரணமும் நேர்ந்தது என்று 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஒப்பீட்டுக் குழுவோடு முறையாக நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2017இல் வந்தன. அவற்றில் ஒன்றைச் சம்போனியே முன்னின்று நடத்தினார். பலன் இல்லை என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் குழுக்களில் "பொறுத்துப் பார்ப்போம்" என்று எழுதியவர்களை மற்ற நோயாளிகளே மருந்து நிறுவனங்களின் கையாள் என்று ஏசினார்கள். நம்பிக்கைக்காக ஏங்குபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரை விரட்டியது பெரிய அநியாயம்.

இன்னொரு வரலாறு நேர்மாறானது. ஏ.எல்.எஸ். என்ற தசைச்செயலிழப்பு நோயை லித்தியம் தாமதப்படுத்துகிறது என்று 2008இல் இத்தாலியிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. அந்த நோய்க்கு மருந்து மிக அரிது. அதனால் நோயாளிகள் காத்திருக்க விரும்பவில்லை. பேஷன்ட்ஸ்லைக்மீ தளத்தில் இருந்தவர்கள் தங்கள் மருத்துவர்கள் வழியாக லித்தியம் எடுத்து, அளவையும் பக்கவிளைவையும் நோயின் போக்கையும் ஒரே முறையில் தொடர்ந்து பதிந்தார்கள். லித்தியம் எடுத்த 149 பேரை, அதே போக்கில் நோய் இருந்தும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். பலன் இல்லை என்ற முடிவு 2011இல் ஆய்விதழில் வெளியானது. பின்னர் வந்த மருத்துவச் சோதனைகளும் அதையே சொன்னன. தங்களுக்குக் கசப்பான முடிவையும் அப்படியே எழுதிவைத்தார்கள் அந்த நோயாளிகள். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பின்னால் வந்தவர்கள் வீணாக நஞ்சேறும் மருந்தை விழுங்காமல் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

மற்றவருக்குப் பதில் எழுதுவது

ஒருவர் தன் துயரத்தைக் கொட்டியிருந்தால், ஆலோசனை சொல்லும் முன் கேளுங்கள்: "அக்கா, யோசனை ஏதாவது சொல்லட்டுமா, இல்ல இப்போதைக்குக் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதுமா?" இந்த ஒரு கேள்விக்கு வரும் நன்றியைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அவர் அந்த யோகாவையும் அந்தக் கஷாயத்தையும் பலமுறை கேட்டுச் சலித்திருப்பார்.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லை, எனக்கு வந்ததைப் பாருங்க" என்று வலியில் போட்டி வேண்டாம். "மனசு வெச்சா குணமாகும்" என்பதும் வேண்டாம். குணமாகாதவர் மனசு வைக்கவில்லை என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. "பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலையே" என்பது பாராட்டாகத் தோன்றும். வெளியே தெரியாத நோயை அலுவலகத்திலும் வீட்டிலும் நிரூபித்து நிரூபித்து ஓய்ந்தவருக்கு அது இன்னொரு சந்தேகமாகவே கேட்கும்.

நாளை அறுவைசிகிச்சை என்று எழுதியவரின் பதிவுக்குக் கீழே, அதே அறுவைசிகிச்சையில் உங்களுக்கு நேர்ந்த கோளாறை எழுதாதீர்கள். அந்தத் தகவல் பயனுள்ளதுதான். ஆனால் முடிவெடுத்து, நாள் குறித்து, பட்டினியில் படுத்திருப்பவருக்கு அது எதற்கு? முடிவெடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத் தனிப் பதிவாகப் போடுங்கள்.

"இந்த நோய் வந்தா எத்தனை வருஷம்?" என்ற கேள்வி வரும்போது எண்ணைச் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கேட்டவருக்கு உண்மையிலேயே எண் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டும் என்றால், இடைநிலைக் காலம் ஐந்து ஆண்டுகள் என்பதற்குப் பாதிப் பேர் அதற்கும் மேலே வாழ்ந்தார்கள் என்று பொருள் என்பதையும், அந்தக் கணக்கு புதிய மருந்துகள் வருவதற்கு முன் எடுத்ததாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அவருடைய மருத்துவர் சொன்னதை "தப்பு" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு ஐயம் இருந்தால் அதை அவர் கேட்கக்கூடிய கேள்வியாக மாற்றிக் கொடுங்கள்: "இந்த மருந்தும் நீங்க எடுக்கிற தைராய்டு மாத்திரையும் ஒரே நேரத்துல எடுக்கலாமான்னு அடுத்த முறை கேட்டுப் பாருங்க."

தவறான தகவலைக் கண்டால்

உயிருக்கு ஆபத்தானது என்றால் தனிச்செய்தியில் சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி, அமைதியாக எழுதுங்கள், நிர்வாகிக்கும் தெரிவியுங்கள். "அண்ணா, உங்க அனுபவத்தைச் சொன்னதுக்கு நன்றி. படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சேர்க்கிறேன்: இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும்." தகவலைத் திருத்தினீர்கள், ஆளைத் தாழ்த்தவில்லை. ஆபத்து இல்லாத சிறு பிழை என்றால் தனிச்செய்தி போதும். அவர் தாமே திருத்திக்கொள்ள இடம் கொடுங்கள்.

உங்கள் பதிவை யாராவது திருத்தினால் பதிவை அழித்துவிடாதீர்கள். அழித்தால் திருத்தமும் சேர்ந்து போய்விடும். முன்பே படித்தவர் பழையதை நம்பிக்கொண்டிருப்பார். மேலே "திருத்தம்:" என்று போட்டுச் சரியானதை எழுதுங்கள்.

பிறர் கதை

குழுவில் படித்ததை வெளியே கொண்டுபோகாதீர்கள், பெயரை மறைத்தாலும்கூட. அரிதான நோய் என்றால் வயதும் ஊரும் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். உங்கள் குழந்தையின் நோயைப் பற்றி எழுதும்போது, அவர் வளர்ந்து பெரியவராகித் தன் பெயரைத் தேடும் நாளையும் நினையுங்கள். மரபணுப் பரிசோதனை முடிவு உங்களுடையது மட்டும் இல்லை. உடன்பிறந்தவர்களைப் பற்றியும் அது பேசுகிறது. உறுப்பினர் ஒருவர் இறந்த செய்தியைக் குடும்பத்தார் சொல்லட்டும், அல்லது அவர்கள் அனுமதியோடு நிர்வாகி சொல்லட்டும்.

அவசர நிலை

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சுக் குழறல், ஒரு கை தூக்க முடியாமை: இவற்றில் எதையாவது ஒருவர் எழுதினால், காரணம் என்னவென்று அலச வேண்டாம். "இங்கே காத்திருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்ற ஒரே வரி போதும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் அதுவும் அவசரம்தான். "எனக்கும் வந்துச்சு, ரெண்டு நாள்ல போயிடுச்சு" என்ற பதில் அவரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும்.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக இருக்கிறாரா, பக்கத்தில் யாரைக் கூப்பிட முடியும் என்று கேளுங்கள். நிர்வாகிக்கு உடனே சொல்லுங்கள், அவர் இருக்கும் நாட்டின் உதவி எண்ணைத் தேடிக் கொடுங்கள். நீங்கள் ஒருவரே இரவெல்லாம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கும் நோய் இருக்கிறது. இன்னும் இருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்செய்திகளும் விற்பனையும்

அனுமதி கேட்காமல் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். உங்களுக்குச் சேர்ந்த மறுநாளே "குணமான ரகசியம் சொல்கிறேன்" என்று ஒன்று வந்தால், பணம் கேட்பதற்கு முன்பே நிர்வாகிக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் விற்கும் பொருளைப் பற்றி எழுதினால், விற்பவர் நீங்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மிச்ச மருந்தைப் பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் புறம்பானது. மருந்து வாங்க முடியாத ஒருவரைப் பார்த்தால் மனம் கேட்காதுதான். உதவித் திட்டங்களைத் தேடிக் கொடுப்பது, மருந்து நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் கைகொடுப்பது போன்ற வழிகள் உண்டு.

பழைய பதிவுக்குத் திரும்புங்கள்

இதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் இன்று எழுதுவதை மூன்று ஆண்டு கழித்தும் ஒருவர் தேடிப் படிப்பார். அவர் படிக்கும்போது அந்த மருந்தை நீங்கள் நிறுத்தியிருக்கலாம். கல்லீரல் பரிசோதனையில் கோளாறு வந்திருக்கலாம். அல்லது இன்னமும் நன்றாகவே இருக்கலாம். நன்றாக இருப்பவர்கள் குழுவைவிட்டுப் போய்விடுவதால், புதியவர் கண்ணில் துன்பக் கதைகளே அதிகம் படுகின்றன. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் முக்கியமான பதிவுகளைத் திறந்து, தேதி போட்டு, இப்போது என்ன நிலை என்று ஒரு வரி சேருங்கள். குழுவைவிட்டு விலகப்போகிறீர்கள் என்றால், விலகும் முன் அதைச் செய்துவிட்டுப் போங்கள்.